ஆர்ப்பாட்டச் செய்தியில் நீதி: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை ஆதாரமாகக் கொண்ட ஒரு கற்கை

க.பொ.த. (சாதாரண தர)ப் பரீட்சை வழிகாட்டி
பாடம்: தொடர்பாடலும் ஊடகக் கற்கைகளும்
தரம் 10, 11

இவ்வலகைக் கற்றபின் நீங்கள்,
• ஆர்ப்பாட்டச் செய்தியொன்று நீதியானதா எனத் தீர்மானிப்பதற்கான அளவுகோல்களைக் குறிப்பிடுவீர்கள்.
• தலைப்பு, சொற்கள், எண்ணிக்கை, படம் என்பவற்றில் பக்கச்சார்பு புகும் விதத்தை விளக்குவீர்கள்.
• தரப்பட்ட செய்தியொன்றைத் திறனாய்வு செய்து, நீதியான முறையில் திருத்தி எழுதுவீர்கள்.

1. அறிமுகம்



மட்டக்களப்பு நகரிலே காந்திப் பூங்காவைக் கடந்து பாடசாலைக்கோ பிரத்தியேக வகுப்புக்கோ செல்பவர்கள், அங்கே மக்கள் பதாகைகளுடன் நிற்பதை ஒரு தடவையேனும் கண்டிருப்பீர்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள், வேலையற்ற பட்டதாரிகள், மீனவர்கள், பண்ணையாளர்கள் எனப் பலர் அங்கு கூடுகின்றனர். சிறிது நேரம் கோஷம் எழுப்புகின்றனர், மகஜர் ஒன்றைக் கையளிக்கின்றனர், கலைந்து செல்கின்றனர். மறுநாட் காலை பத்திரிகையில் ஒரு செய்தி வருகின்றது.

அவ்விடத்தில் நின்றவர்கள் நூறு பேராக இருக்கலாம். செய்தியை வாசிப்பவர்களோ பல்லாயிரம் பேர். நேரில் காணாத அந்தப் பல்லாயிரம் பேருக்கும் ஆர்ப்பாட்டம் என்பது அந்தச் செய்திதான். அதில் எழுதப்படாத கோரிக்கை அவர்களைப் பொறுத்தவரை எழுப்பப்படாத கோரிக்கையே.

எமது பிரதேசத்தில் இதற்கு மேலும் ஒரு முக்கியத்துவம் உண்டு. வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. ஒரு கரையில் நடப்பதை மறு கரையிலுள்ளவர்கள் பெரும்பாலும் செய்தி மூலமே அறிகின்றனர். தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. இவ்விரு சமூகங்களின் உறவைப் "பிட்டும் தேங்காய்ப் பூவும் போல" என்று எமது முதியோர் கூறுவர். அவசரத்தில் எழுதப்பட்ட ஒரு தலைப்பு, மறுநாட் சந்தையில் அருகருகே கடை வைத்திருக்கும் இருவர் முகம் கொடுத்துப் பேசாத நிலையை உருவாக்கலாம். ஆகவே ஆர்ப்பாட்டச் செய்தியில் நீதி என்பது பரீட்சைக்கு மட்டும் உரிய ஒரு தலைப்பு அன்று.

2. நீதியான செய்தி என்றால் என்ன?

"இரு பக்கத்திற்கும் சமமான இடம் கொடுப்பதே நீதி" என்று மாணவர் பலர் விடை எழுதுகின்றனர். இவ்விடைக்கு முழுப் புள்ளிகள் கிடைப்பதில்லை. ஆர்ப்பாட்டக்காரர்களுக்குப் பத்து வரி, அதிகாரிக்குப் பத்து வரி என்று அளந்து கொடுத்தாலும் செய்தி நீதியற்றதாக இருக்கலாம். பின்வரும் நான்கு அளவுகோல்களையும் மனதிற் கொள்க.

(அ) செம்மை: இடம், நேரம், எண்ணிக்கை, பெயர், நிகழ்ந்த ஒழுங்கு என்பன சரியாக இருத்தல். எது முதலில் நடந்தது என்பது மிக முக்கியமானது. "கல்லெறிந்ததால் கண்ணீர்ப் புகை பிரயோகிக்கப்பட்டது" என்பதும் "கண்ணீர்ப் புகை பிரயோகிக்கப்பட்டதால் கல்லெறிந்தனர்" என்பதும் ஒரே நிகழ்வைப் பற்றிய இரு வேறு தீர்ப்புகளாகும்.

(ஆ) காரணம் கூறல்: மக்கள் ஏன் கூடினர் என்பதை, அப்பிரச்சினையை முன்னர் அறியாத வாசகரும் விளங்கிக் கொள்ளுமாறு எழுதுதல்.

(இ) பாதிக்கப்படும் எல்லோருக்கும் இடமளித்தல்: ஆர்ப்பாட்டக்காரர், குற்றஞ்சாட்டப்படும் தரப்பினர், பொறுப்பான அதிகாரி, ஆர்ப்பாட்டத்தினால் இடையூறு அடைந்த பொதுமக்கள் ஆகியோரின் கருத்துகளைப் பெறுதல். ஒருவரது கருத்தைப் பெற முடியாவிடின் அதனை வெளிப்படையாகக் குறிப்பிடுதல்.

(ஈ) கருத்தையும் செய்தியையும் வேறுபடுத்தல்: பத்திரிகைக்கு நிலைப்பாடு இருக்கலாம். அது ஆசிரியர் தலையங்கத்திற்கு உரியது. செய்திப் பத்திக்குள் அது நுழைதல் ஆகாது.

இந்நான்கையும் ஒரு வசனத்தில் சுருக்கினால் பின்வருமாறு அமையும்: ஆர்ப்பாட்டத்திற்கு வராத ஒருவர் செய்தியை வாசித்தபின், அங்கு நின்றவர்களுடன் உடன்படுவதா மறுப்பதா என்பதைத் தாமே தீர்மானிக்கப் போதிய விபரம் அவருக்குக் கிடைக்குமாயின், அது நீதியான செய்தியாகும்.

3. சட்டப் பின்னணி

இலங்கை அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை, வெளியிடுதல் உள்ளடங்கலான பேச்சுச் சுதந்திரத்தையும் கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தையும் ஒவ்வொரு பிரசைக்கும் வழங்குகின்றது. 14(1)(ஆ) உறுப்புரை அமைதியான முறையில் ஒன்றுகூடும் சுதந்திரத்தை வழங்குகின்றது. முதலாவது சுதந்திரம் செய்தியாளர் எழுதுவதற்கும், இரண்டாவது சுதந்திரம் மக்கள் கூடுவதற்கும் அடிப்படையாக உள்ளது. இரண்டும் சட்டத்தினால் மட்டுப்படுத்தப்படக் கூடியவை என்பதையும் விடையிற் குறிப்பிடுக.

2015ஆம் ஆண்டின் 19ஆவது திருத்தம் தகவல் அறியும் உரிமையை 14அ உறுப்புரையாகச் சேர்த்தது. இதனை நடைமுறைப்படுத்துவதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு காணி யாருடைய பொறுப்பில் உள்ளது, ஒரு தொழிற்சாலைக்கு அனுமதி வழங்கப்பட்டதா போன்ற வினாக்களுக்கு, செய்தியாளர் மட்டுமன்றி எந்தப் பிரசையும் அரச நிறுவனத்திடம் விண்ணப்பித்து விடை கோரலாம். ஆர்ப்பாட்டங்கள் பலவற்றின் பின்னால் இத்தகைய வினாவொன்றே இருக்கின்றது.

4. கற்கை ஒன்று: மயிலத்தமடு – மாதவனை மேய்ச்சற்தரைப் போராட்டம்

மட்டக்களப்பு மாவட்டத்தின் மேற்கு எல்லைப் புறத்தில் மயிலத்தமடு, மாதவனை ஆகிய மேய்ச்சற்தரைகள் உள்ளன. பெரும்போகத்தில் வயல்கள் விதைக்கப்படும் போது கிராமங்களை அண்டி மாடுகளை வைத்திருக்க முடியாது. எனவே பண்ணையாளர்கள் தமது மாட்டுப் பட்டிகளை இப்பகுதிகளுக்கு ஓட்டிச் சென்று, அறுவடையின் பின்னர் திரும்பக் கொண்டு வருவர். இப்பகுதி மகாவலி அபிவிருத்தி அதிகார சபையின் நிருவாகத்துடன் தொடர்புடையது. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த சிங்கள விவசாயிகள் இங்கு பயிர்ச்செய்கையில் ஈடுபட்டதால் மேய்ச்சற்தரை சுருங்கியது என்பதும், மாடுகள் கொல்லப்பட்டும் காயப்படுத்தப்பட்டும் வருகின்றன என்பதும் பண்ணையாளர்களின் முறைப்பாடாகும்.

2023 செப்டெம்பர் 15ஆம் திகதி சித்தாண்டியில் பண்ணையாளர்கள் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். ஒக்டோபர் 8ஆம் திகதி, அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க செங்கலடிக்கு வருகை தந்த வேளை, கொம்மாதுறையில் ஆர்ப்பாட்டம் நடைபெற்றது. நவம்பர் 5ஆம் திகதி போராட்டத்திற்கு ஆதரவு தெரிவித்துத் திரும்பிய கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் அறுவர் கைது செய்யப்பட்டனர்.

இந்நிகழ்விலிருந்து நாம் மூன்று பாடங்களைக் கற்கலாம்.

முதலாவது, காரணத்தை விளக்குதல். "பண்ணையாளர்கள் ஆர்ப்பாட்டம்; வீதியில் நெரிசல்" என்று மட்டும் எழுதினால், மாடு வளர்ப்பவர் ஏன் வீதிக்கு வந்தார் என்பது நகர வாசகருக்கு விளங்காது. பெரும்போக காலத்தில் மாடுகளை வேறிடம் கொண்டு செல்ல வேண்டியுள்ளது என்ற ஒரு வசனம் சேர்க்கப்படின் முழுச் செய்தியும் தெளிவாகிவிடும். நீதியான செய்திக்கு நீண்ட செய்தி தேவையில்லை. தேவையான வசனம் தேவை.

இரண்டாவது, மறுதரப்பைப் பெறுதல். பயிர் செய்பவர்கள் யார், எவருடைய அனுமதியின் பேரில் வந்ததாகக் கூறுகின்றனர், மகாவலி அதிகார சபை என்ன கூறுகின்றது, மாவட்டச் செயலகம் என்ன கூறுகின்றது என்பன கேட்கப்பட வேண்டியவை. ஆனால் இதனைக் கேட்டுப் பெறுவது இலகுவானதன்று. 2023 ஓகஸ்ட் 22ஆம் திகதி நிலைமையைப் பார்வையிடச் சென்ற சர்வமதத் தலைவர்களும் ஊடகவியலாளர்களும் அப்பகுதியில் ஒரு குழுவினரால் பல மணி நேரம் தடுத்து வைக்கப்பட்டனர். இவ்வாறான நிலையில் செய்தியாளர் செய்யத்தக்கது யாது? மறுதரப்பினரின் கூற்றைத் தாமே கற்பனை செய்து எழுதலாகாது; மறுதரப்பே இல்லை என்பது போலவும் எழுதலாகாது. "அவர்களது கருத்தைப் பெற எடுத்த முயற்சி இக்காரணத்தினால் கைகூடவில்லை" என்று எழுதுதல் வேண்டும்.

மூன்றாவது, கைதும் குற்றமும் வேறு வேறானவை. கைது செய்யப்பட்டவர் சந்தேக நபரே. குற்றவாளி எனத் தீர்மானிப்பது நீதிமன்றம். கைது முதற்பக்கத்தில் வந்தால், பிணையோ விடுதலையோ கிடைத்த செய்தியும் வாசகரின் கண்ணிற்படும் இடத்தில் வரவேண்டும். மாணவர் ஒருவரின் பெயர் கைதுச் செய்தியுடன் நின்றுவிடின், தொழில் தேடும் காலத்திலும் அது அவரைப் பின்தொடரும்.

5. கற்கை இரண்டு: பொத்துவில் முதல் பொலிகண்டி வரையான பேரணி

2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் ஆரம்பமான பேரணி, மட்டக்களப்பு ஊடாகத் திருகோணமலைக்கும் வடக்கிற்கும் சென்று, பெப்ரவரி 7ஆம் திகதி யாழ்ப்பாண மாவட்டத்தின் பொலிகண்டியை அடைந்தது. காணி அபகரிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர், அரசியற் கைதிகள் ஆகிய விடயங்களுடன், கொவிட் நோயினால் மரணித்த முஸ்லிம்களின் உடல்களை எரிப்பதை நிறுத்துமாறும், மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு 1000 ரூபா நாட்சம்பளம் வழங்குமாறும் கோரிக்கைகள் முன்வைக்கப்பட்டன. முஸ்லிம் மக்களும் இதிற் பங்குபற்றினர்.

இங்கு செய்தியின் நீதி எங்கே சோதிக்கப்படுகின்றது? கோரிக்கைகள் பலவாக இருக்கும்போது, தம் வாசகருக்கு உவப்பானதை மட்டும் எடுத்து ஏனையவற்றை விடும் ஆபத்து உண்டு. தமிழ்ப் பத்திரிகையொன்று காணிப் பிரச்சினையை மட்டும் எழுதி, உடல் எரிப்புக் கோரிக்கையை விட்டுவிட்டால், ஏறாவூரிலோ காத்தான்குடியிலோ உள்ள வாசகர் "இது எமக்குரிய பேரணி அன்று" என்றே எண்ணுவார். அக்கோரிக்கை சிறியதன்று. 2020ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையிலிருந்த கட்டாயத் தகனம் 2021 பெப்ரவரி இறுதியில் வெளியான வர்த்தமானி அறிவித்தலுடன் முடிவுக்கு வந்தது. மார்ச் மாதத்தில் உடல்களை அடக்கம் செய்வதற்குத் தெரிவுசெய்யப்பட்ட இடம் எமது மாவட்டத்தின் ஓட்டமாவடியே ஆகும்.

மற்றொரு விடயம் "தடை" என்ற சொல். பேரணிக்கு எதிராகப் பல பொலிஸ் பிரிவுகளில் நீதிமன்றத் தடையுத்தரவுகள் பெறப்பட்டிருந்தன. "தடைசெய்யப்பட்ட பேரணி" என்று பொதுவாக எழுதுவது செம்மையானதன்று. எந்த நீதிமன்றம், எப்பிரதேசத்திற்கு, யாருக்கு எதிராக, என்ன காரணத்திற்காக உத்தரவு வழங்கியது என்பதைக் குறிப்பிட வேண்டும். அதேபோல் உத்தரவு இருந்த இடத்தில் அதனை மறைத்து எழுதுவதும் தவறாகும். சட்டத்தை அறியாத வாசகர் அதனால் பாதிப்படையலாம்.

6. கற்கை மூன்று: ஹர்த்தால் செய்தி

2018ஆம் ஆண்டு புல்லுமலையில் அமைக்கப்படவிருந்த குடிநீர்ப் போத்தல் தொழிற்சாலைக்கு எதிராக மட்டக்களப்பில் ஆர்ப்பாட்டங்களும் ஹர்த்தாலும் இடம்பெற்றன. நிலத்தடி நீர் வற்றிவிடும் என்பது மக்களின் அச்சமாக இருந்தது.

ஹர்த்தால் நாட்களில் "பூரண ஹர்த்தால், மட்டக்களப்பு முடங்கியது" என்ற தலைப்பை நாம் அடிக்கடி காண்கிறோம். பூட்டிய கடைகளைக் கண்ணாற் காணலாம். கடைக்காரர் விரும்பிப் பூட்டினாரா, அஞ்சிப் பூட்டினாரா, வாடிக்கையாளர் வரமாட்டார் எனப் பூட்டினாரா என்பதைக் கேட்டே அறியலாம். அன்றாடம் உழைக்கும் முச்சக்கர வண்டிச் சாரதி, மீன் வியாபாரி, வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய நோயாளி ஆகியோரின் நிலையும் செய்திக்கு உரியதே. அவர்களைப் பற்றி எழுதுவது ஹர்த்தாலை எதிர்ப்பதாகாது.

இன்னொன்றையும் நினைவிற் கொள்க. ஒரு தொழிற்சாலையின் உரிமையாளர் எச்சமூகத்தவராகவும் இருக்கலாம். பிரச்சினை நீர் பற்றியதாயின் செய்தியும் நீர் பற்றியதாகவே இருக்க வேண்டும். எவ்வளவு நீர் எடுக்கப்படும், அனுமதி வழங்கியவர் யார், ஆய்வு செய்யப்பட்டதா என்பனவே வினாக்கள். முதலீட்டாளர் மீதான குறையை அவரது சமூகத்தின் மீதான குறையாக மாற்றி எழுதுவது பாரிய அநீதியாகும்.

7. பக்கச்சார்பு புகும் நான்கு வாசல்கள்

(1) சொல்: கவனயீர்ப்பு, ஆர்ப்பாட்டம், மறியல், கலகம் என்பன ஒரே பொருளுடைய சொற்கள் அல்ல. வீதியோரம் அமைதியாக நின்றோரைக் "கலகக்காரர்" என்பது தவறு. வாகனத்தைச் சேதப்படுத்தியோரை "உணர்ச்சிவசப்பட்ட இளைஞர்" என்று மெழுகி எழுதுவதும் தவறு.

(2) எண்ணிக்கை: "ஆயிரக் கணக்கானோர்" என்பது பல வேளைகளில் கணக்கிடப்படாத கணக்காகும். ஏற்பாட்டாளர் கூறிய தொகை, பொலிசார் கூறிய தொகை, செய்தியாளர் தாமே கண்டு மதித்த தொகை என வேறுபடுத்தி எழுதுக. ஓரிடத்தில் பத்துப் பேர் நிற்கும் பரப்பை மதிப்பிட்டு, அத்தகைய பரப்புகள் எத்தனை உள்ளன எனப் பெருக்கிப் பார்ப்பது ஓர் எளிய முறையாகும்.

(3) படம்: கமராவை அருகில் வைத்து எடுத்தால் முப்பது பேர் பெருங்கூட்டமாகத் தெரிவர். உயரத்திலிருந்து எடுத்தால் முந்நூறு பேரும் சிதறித் தெரிவர். அழுகின்ற தாயின் முகத்தைப் பெரிதாகப் பிரசுரிக்கும் முன்னர் அவரது சம்மதத்தையும் பாதுகாப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆர்ப்பாட்டத்தில் நிற்கும் சிறுவர்களின் முகங்களைத் தவிர்ப்பது நன்று.

(4) இடம்: எப்பக்கத்தில், எவ்வளவு பெரிதாக, எவருடைய கூற்றுடன் செய்தி தொடங்குகின்றது என்பதும் ஒரு தீர்ப்பே. முதல் வசனத்தில் எவர் பேசுகின்றாரோ அவரது கண்ணாலேயே வாசகர் மிகுதியையும் காண்பார்.

8. உலக அனுபவம்

இப்பிரச்சினை எமக்கு மட்டும் உரியதன்று. 1968 ஒக்டோபர் 27ஆம் திகதி லண்டன் மாநகரில் வியட்நாம் யுத்தத்திற்கு எதிராகப் பல்லாயிரக் கணக்கானோர் ஊர்வலமாகச் சென்றனர். வன்முறை வெடிக்கும் என்று பத்திரிகைகள் முன்கூட்டியே எழுதி வந்தன. ஊர்வலத்தின் மிகப் பெரும் பகுதி அமைதியாக நடந்து முடிந்தது. சிறு தொகையினர் மட்டும் அமெரிக்கத் தூதரகம் அமைந்திருந்த சதுக்கத்திற்குச் சென்று பொலிசாருடன் மோதினர். மறுநாட் செய்திகளில் அம்மோதலே மேலோங்கி நின்றது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹலோரன், பிலிப் எலியட், கிரஹாம் மேர்டொக் ஆகியோர் இதனை ஆராய்ந்து 1970இல் நூலாக வெளியிட்டனர். எதிர்பார்த்துச் சென்றதையே செய்தியாளர் கண்டனர் என்பதும், மக்கள் ஏன் நடந்தனர் என்பது மறைந்து போயிற்று என்பதும் அவ்வாய்வு உணர்த்தும் பாடமாகும்.

அங்கே எதிர்ப்பு மனப்பான்மை செய்தியைக் கோணலாக்கியது. எமது பிரதேசப் பத்திரிகைகளுக்கு வேறொரு சோதனையும் உண்டு. ஆர்ப்பாட்டம் செய்பவர் எமது ஊரவர், எமது மொழியினர், சில வேளை எமது உறவினர். அவர்கள் மீது பரிவு ஏற்படுவது இயல்பு. அப்பரிவினால் அவர்களது தவறுகளை மறைத்தும், எண்ணிக்கையைப் பெருக்கியும் எழுதினால், ஒரு நாள் உண்மையான துயரத்தை எழுதும்போதும் வெளியார் அதனை நம்பமாட்டார்கள். எம்மவர் பற்றிய செய்தியில் காட்டும் செம்மையே அவர்களுக்குச் செய்யும் உண்மையான உதவியாகும்.

9. பிரதேசச் செய்தியாளரின் நிலை

செய்தியைத் திறனாயும்போது அதை எழுதியவரின் நிலையையும் அறிந்திருத்தல் வேண்டும். பிரதேசச் செய்தியாளர் பலர் நிரந்தரச் சம்பளம் இல்லாது பணியாற்றுபவர்கள். எழுதிய செய்திக்கு உரியவர்களின் மத்தியிலேயே மறுநாளும் வாழ வேண்டியவர்கள். வீரகேசரிப் பத்திரிகையின் மட்டக்களப்புச் செய்தியாளராகவிருந்த ஐயாத்துரை நடேசன் 2004 மே 31ஆம் திகதி மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பைப் பிறப்பிடமாகக் கொண்ட பத்திரிகையாளர் தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28ஆம் திகதி கொழும்பில் கடத்தப்பட்டுக் கொலை செய்யப்பட்டார்.

அச்சம் நிலவும் இடத்தில் சில செய்திகள் எழுதப்படாமலே போகின்றன. எனவே "இச்செய்தியில் என்ன இல்லை?" என்று கேட்பதும் வாசகரின் கடமையாகும். இல்லாததற்குக் காரணம் பக்கச்சார்பாக இருக்கலாம், அச்சமாகவும் இருக்கலாம்.

10. தவறு நேர்ந்தால்

செய்தியில் தவறு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவர் முதலில் ஆசிரியருக்கு எழுதித் திருத்தமோ பதிலளிக்கும் வாய்ப்போ கோரலாம். தீர்வு கிடைக்காவிடின் பத்திரிகைத்துறையினரின் சுய ஒழுங்கமைப்பாக 2003இல் ஏற்படுத்தப்பட்ட இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவை நாடலாம். 1973ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட இலங்கைப் பத்திரிகைப் பேரவையும் உண்டு. முன்னையது துறையினரே அமைத்தது, பின்னையது சட்டத்தால் அமைந்தது என்ற வேறுபாட்டை மறவாதீர்கள். திருத்தம் வெளியிடுவதால் பத்திரிகையின் மதிப்புக் குறைவதில்லை. தவறு வெளியான அளவிற்குத் திருத்தமும் கண்ணிற்பட வேண்டும்.

11. செயற்பாடு

பின்வருவன பயிற்சிக்காக எழுதப்பட்ட கற்பனைச் செய்திகள். வாவிக்கரைக் கிராமமொன்றில் இறால் பண்ணைக்கு எதிராக மீனவர்கள் நடத்திய ஆர்ப்பாட்டம் பற்றியவை.

செய்தி அ: "மீனவர் அடாவடி, பயணிகள் தவிப்பு. நேற்றுக் காலை சில மீனவர்கள் பிரதான வீதியை மறித்து அட்டகாசம் புரிந்ததனால் பயணிகள் பெரும் அவதிக்குள்ளாகினர். பொலிசார் தலையிட்டு நிலைமையைக் கட்டுப்பாட்டிற்குள் கொண்டு வந்தனர்."

செய்தி ஆ: "பொங்கியெழுந்தது மக்கள் வெள்ளம். வாவியை அழிக்கும் முதலைகளுக்கு எதிராக ஆயிரக் கணக்கான மக்கள் அணிதிரண்டனர். அதிகாரிகள் வாயடைத்து நின்றனர்."

செய்தி இ: "இறால் பண்ணையின் கழிவு நீர் வாவியிற் கலப்பதால் மீன்பாடு குறைந்துள்ளதாகக் கூறி மீனவர்கள் நேற்றுக் காலை பிரதான வீதியில் ஆர்ப்பாட்டத்தில் ஈடுபட்டனர். சுமார் இருநூறு பேர் கலந்து கொண்டதை எமது செய்தியாளர் அவதானித்தார். ஐந்நூறு பேர் என ஏற்பாட்டாளர்கள் கூறினர். வீதி ஒரு மணி நேரம் மறிக்கப்பட்டதால் பஸ் வண்டிகள் தாமதமாகின. கிளினிக்கிற்குச் செல்ல முடியவில்லை எனப் பயணியொருவர் தெரிவித்தார். கலைந்து செல்லும்போது இளைஞர் சிலர் பண்ணையின் பெயர்ப் பலகையை உடைத்தனர். ஏற்பாட்டாளர்கள் அதனைக் கண்டித்தனர். கழிவு நீர் சுத்திகரிக்கப்பட்டே வெளியேற்றப்படுவதாகப் பண்ணை முகாமையாளர் கூறினார். நீர் மாதிரி பரிசோதனைக்கு அனுப்பப்பட்டுள்ளதாகவும் அறிக்கை இன்னும் கிடைக்கவில்லை எனவும் பிரதேச செயலக அதிகாரி தெரிவித்தார்."

அவதானிக்குக: செய்தி அ ஆர்ப்பாட்டத்தின் காரணத்தைக் கூறவில்லை. செய்தி ஆ காரணத்தைக் கூறுவது போலத் தோன்றினும் கழிவு நீர் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வசையும் புகழ்ச்சியும் மட்டுமே உள்ளன. அதனை வாசிக்கும் மீனவர் மகிழலாம். ஆனால் அவரது பிரச்சினையை அறியாத ஒருவருக்கு அச்செய்தி எதனையும் அறிவிக்கவில்லை. செய்தி இ மீனவருக்கு உவப்பற்ற ஒரு விடயத்தையும் கூறுகின்றது. எனினும் அதுவே, நீர்ப் பரிசோதனை அறிக்கை எங்கே என்ற வினாவை வாசகர் மனதில் எழுப்புகின்றது. மூன்று செய்திகளுள் மீனவருக்கு அதிகம் பயன்படுவது எது என வகுப்பில் கலந்துரையாடுக.

12. மாதிரி வினாவும் விடையும்

வினா:
(i) நீதியான ஆர்ப்பாட்டச் செய்தியின் பண்புகள் நான்கினைக் குறிப்பிடுக. (4 புள்ளிகள்)
(ii) செய்தி அ, செய்தி ஆ ஆகியவற்றில் காணப்படும் பக்கச்சார்பான சொற்கள் இரண்டு வீதம் எடுத்துக் காட்டுக. (4 புள்ளிகள்)
(iii) "சமமான இடம் வழங்குவது மட்டும் நீதியாகாது." விளக்குக. (6 புள்ளிகள்)
(iv) உமது பிரதேசத்தில் நடைபெற்ற ஆர்ப்பாட்டமொன்று பற்றிப் பத்து வசனங்களில் நீதியான செய்தியொன்று எழுதுக. (6 புள்ளிகள்)

விடைக் குறிப்புகள்:
(i) செம்மை, காரணம் கூறல், பாதிக்கப்படும் எல்லோருக்கும் இடமளித்தல், கருத்தையும் செய்தியையும் வேறுபடுத்தல்.

(ii) அ: அடாவடி, அட்டகாசம். ஆ: முதலைகள், வாயடைத்து நின்றனர். ("மக்கள் வெள்ளம்" என்பதும் ஏற்கத்தக்கது.)

(iii) ஒரு தரப்பின் கூற்று ஆவணத்தினால் உறுதிப்பட்டிருக்க, மற்றத் தரப்பின் கூற்று ஆதாரமற்றதாக இருக்கலாம். இரண்டையும் ஒரே நிறையில் வைத்தால் வாசகர் தவறாக வழிநடத்தப்படுவார். அத்துடன், பக்கங்கள் எப்போதும் இரண்டு மட்டும் அல்ல. ஹர்த்தால் நாளில் வருமானம் இழக்கும் கூலித் தொழிலாளி எத்தரப்பையும் சேராதவர். அவரது குரலும் வேண்டும். ஆதலால் இடத்தின் அளவை விட, ஆதாரம், காரணம், விடுபட்ட குரல் என்பவற்றைக் கொண்டே நீதி அளக்கப்படும். (உதாரணம் தருவோருக்கு மட்டுமே முழுப் புள்ளிகள்.)

(iv) முதல் வசனத்தில் யார், எங்கே, எப்போது, ஏன் என்பன வருதல்; எண்ணிக்கைக்கு ஆதாரம் காட்டல்; குறைந்தது இரு தரப்பினரின் கூற்று; நிகழ்ந்த ஒழுங்கு; தீர்ப்புக் கூறும் சொற்களைத் தவிர்த்தல் என்பவற்றுக்குப் புள்ளிகள் வழங்கப்படும்.

கவனிக்க: விடையில் உண்மையான நிகழ்வைக் குறிப்பிடும்போது ஆண்டையும் இடத்தையும் சரியாக எழுதுக. நிச்சயமில்லாத எண்ணிக்கையை எழுதுவதிலும் பார்க்க எழுதாமல் விடுவது மேல். செய்தியாளருக்குக் கூறும் அறிவுரை பரீட்சார்த்திக்கும் பொருந்தும்.

13. முடிவாக

மாணவர்களே, இன்று செய்தியைப் பரப்புபவர் பத்திரிகையாளர் மட்டுமல்லர். கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் ஆர்ப்பாட்டத்தின் ஒரு காட்சியை எடுத்து ஊரெங்கும் அனுப்ப முடியும். முப்பது செக்கன் காட்சியில் கல்லெறிவது மட்டும் தெரியும். அதற்கு முன்னர் நடந்ததும் பின்னர் நடந்ததும் தெரியாது. எனவே இவ்வலகிற் கற்ற நான்கு அளவுகோல்களும் உங்களுக்கும் உரியவை.

நாளைக் காலை பத்திரிகையில் ஓர் ஆர்ப்பாட்டச் செய்தியைக் கண்டால், அதனை எடுத்து மூன்று வினாக்களைக் கேட்டுப் பாருங்கள். இவர்கள் ஏன் கூடினர் என்பது எனக்கு விளங்கியதா? எவருடைய குரல் இதில் இல்லை? மறு கரையில் இருப்பவர் இதனை வாசித்தால் என்ன நினைப்பார்? இம்மூன்று வினாக்களையும் கேட்டுப் பழகியவருக்குப் பரீட்சையில் இவ்வலகிலிருந்து வரும் எவ்வினாவும் கடினமாக இராது.